ஒரு கையால் மாட்டும் ராக்கெட்

ஜாக்சனின் வலது கையில் கட்டைவிரல் தவிர மற்ற நான்கையும் எடுத்துக்கொண்ட அந்தக் கம்பெனியில் அதுவரை விபத்து என்று எதுவும் நடந்ததில்லை. அதற்குப் பிறகும் நடக்கவில்லை. இது ஜாக்சனுக்குப் புரியக் கொஞ்ச நாள் பிடித்தது.

வல்லம் வடகால் தொழிற்பேட்டையில், கார் கதவுக்கான தகடுகளை பிரஸ் மெஷினில் அடித்துத் தரும் கம்பெனி அது. கை உள்ளே போனால் மெஷின் தானாக நின்றுவிட ஒரு சென்சார் இருந்தது. கை போகாதபோதும் அது சில சமயம் நிறுத்திவிடுகிறது, உற்பத்தி அடிபடுகிறது என்று அணைத்து வைத்திருந்தார்கள். ஜாக்சன் ஒரு ஷிப்ட் முடித்து, ஓ.டி.யில் நின்றிருந்தான். மற்றதெல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்து முடிந்தது.

ஆஸ்பத்திரிக்குப் பாதுகாப்புப் பிரிவின் தலைவர் இராமச்சந்திரன் ஆப்பிளோடு வந்தார். கூடவே ஜாக்சனை வேலைக்கு எடுத்து அனுப்பிய காண்ட்ராக்டர் நாகப்பனும் வந்தார். இராமச்சந்திரன் நல்ல மனிதர். குரலை உயர்த்தவே மாட்டார்.

"இத ஆக்சிடென்ட்டுன்னு நினைச்சு மனச விட்டுடாதீங்க ஜாக்சன். எங்க பாஷையில இதுக்கு கற்றல் நிகழ்வுன்னு பேரு."

"யாரு சார் கத்துக்கினது?"

"எல்லாரும்தான். மீட்டிங் போட்டு அலசிட்டோம். மெஷின் எங்களோடது, மெஷினுக்கு ஒண்ணும் ஆகல. கை காண்ட்ராக்டரோடது."

நாகப்பன் துள்ளி எழுந்தார். "அது எப்டி சார்? ஆளுதான் என் ஆளு. கேட்டுக்குள்ள நுழைஞ்சிட்டா கை கம்பெனியோடது."

கை யாருடையது என்று கட்டிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று இருவரும் நெடுநேரம் பேசினார்கள். ஜாக்சன் பெரிய வெள்ளைக் கட்டாக இருந்த அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். அவன் மனைவி ஷாலின் ஆப்பிளை நறுக்கி மூவருக்கும் கொடுத்தாள்.

கட்டு அவிழ்த்தபின் ஜாக்சனுக்கு இலகுவான வேலை என்று ஒன்று தந்தார்கள். பாதுகாப்புப் பயிற்சி அறையின் வாசலில் ஒரு மேசை. புதிதாகச் சேருகிறவர்களுக்குக் காதில் வைக்கும் அடைப்பானை எடுத்துக் கொடுக்க வேண்டும். இடது கையால் கொடுக்க வேண்டும். வெளியிலிருந்து ஆடிட் என்று யாராவது வந்தால் வலது கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டும். "வர்றவங்க மனசு கஷ்டப்படும் பாருங்க" என்றார் இராமச்சந்திரன். தன் கையால் யார் மனசும் கஷ்டப்படக் கூடாது என்று ஜாக்சனும் நினைத்தான். கைக்கு அந்த இடம் பழகிவிட்டது. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் அது தானாகத் தொடைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது.

ராக்கெட் பேச்சை எடுத்தது அவர்களின் மகள் லிசா. இரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் அறிவியல் விழா, பறக்கிற பொருள் ஏதாவது கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். மற்ற பிள்ளைகள் காற்றாடி என்றும் காகித விமானம் என்றும் சொல்ல, இவள் எழுந்து, "எங்கப்பா ராக்கெட் செய்வாரு" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"ஏன்டீ அப்டி சொன்ன?" என்றாள் ஷாலின்.

"அப்பா சும்மாத்தானம்மா கீது."

ஜாக்சன் சிரித்தான். அப்புறம் அந்த வார்த்தை உள்ளே எங்கோ போய் உட்கார்ந்துகொண்டது. மறுநாள் செல்போனில் தேடிப் பார்த்து, தண்ணீர் ராக்கெட் செய்வது என்று முடிவு செய்தான். காலியான பிளாஸ்டிக் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, பம்பால் காற்றடித்து, சட்டென்று விடுவித்தால் தண்ணீர் கீழே பீய்ச்ச பாட்டில் மேலே போகும். நெருப்பு இல்லை, வெடிமருந்து இல்லை.

மண்ணூரில் அவர்கள் இருந்தது ஒரே அறை வீடு. கட்டிலுக்கு அடியில் அரிசி மூட்டையும் துணிப்பெட்டியும் போக ஒரு சாண் இடம்தான் மிச்சம். பள்ளிக்கு எடுத்துப் போக மொபெட்டைத் தவிர வேறு வண்டி இல்லை. அதையும் அவன் இடது கையால் சமாளித்து ஓட்டவேண்டும். ஆகவே ராக்கெட்டும் அது கிளம்பும் மேடையும் பம்பும் எல்லாமே பிரிந்து, அவனுடைய பெரிய சாப்பாட்டுப் பைக்குள் அடங்கியாக வேண்டும்.

ஷாலின் செல்போன் கம்பெனியில் லைனில் வேலை. அவள் வீட்டில் இருக்கும்போது இவன் ஷிப்டில் இருப்பான், இவன் வரும்போது அவள் கிளம்பிவிடுவாள். பிடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பாட்டிலை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி, பல்லால் நூலை இழுத்து, மிச்சமிருந்த கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித்தான் ஒவ்வொன்றையும் செய்தான். பிளாஸ்டிக் ஃபைல் அட்டையை வெட்டி மூன்று இறக்கைகள். ஒட்டினால் கழற்ற முடியாது, நூலால் கட்ட ஒரு கை போதாது. பாட்டிலைச் சுற்றி ஓர் உறை செய்து, அதில் பள்ளம் விட்டு, இறக்கைகளை மேலிருந்து தள்ளினால் கிளிக்கென்று உட்காரும்படி செய்தான். பி.வி.சி. குழாயில் மேடை. கால்களைத் திருகி மாட்டலாம், கழற்றினால் பாட்டிலை ஒட்டிச் சாய்த்து வைத்துவிடலாம். பாட்டில் கழுத்தைக் கேபிள் டை என்கிற பிளாஸ்டிக் வார்கள் கவ்விப் பிடிக்கும். கயிற்றை இழுத்தால் விட்டுவிடும். காற்றடிக்க, காலால் மிதிக்கிற சின்ன பம்ப்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் கால் திருகும்போது குழாய் நழுவி உருண்டது. ஷாலின் சட்டென்று குனிந்து பிடித்தாள்.

"விடு ஷாலின்."

"புடிக்கிறன்டா. இன்னா இப்ப?"

"நீ ஷிப்டுக்குப் போனா யாரு புடிப்பா?"

அவள் கையை எடுத்துக்கொண்டாள். எடுத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் துப்பட்டாவில் சுருட்டி வைத்துக்கொண்டு, அவன் மாட்டி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

லிசா சர்ச்சில் ஞாயிறு பள்ளியில் இருந்த நேரம் பார்த்து இருவரும் வற்றிக் கிடந்த ஏரிக்குப் போனார்கள். முதல் தடவை கழுத்தில் கசிந்து இருவரையும் நனைத்தது. ஈரத்தோடு ஷாலின் சிரித்தாள். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து அவன் கேட்கவில்லை. வாஷரை மாற்றியபின் ராக்கெட் பனைமரத்தைத் தாண்டிப் போய்த் திரும்பியது. லிசாவிடம் சொல்லக் கூடாது, பள்ளியில் அவளே பார்க்கட்டும் என்று பேசிக்கொண்டார்கள்.

விழா சனிக்கிழமை மதியம். வேலை முடிந்து நேரே போய்விடலாம் என்று ஜாக்சன் பையைக் கம்பெனிக்குக் கொண்டுபோனான். அங்கேதான் வினை வந்தது. கேட்டில் செக்யூரிட்டி சின்னப்பராஜ் பையைத் திறந்தார். அவர் இவர்கள் சபைதான், வாரா வாரம் கோயிலில் பார்க்கிற முகம்தான். ஆனாலும் குழாய், கயிறு, பாட்டில், பம்ப் என்று ஒவ்வொன்றாகத் தென்பட்டதும் முகம் மாறி விசிலை எடுத்து ஊதினார்.

"அண்ணே, ராக்கெட்டுண்ணே. பாப்பாவுக்கு."

"அத உள்ள சொல்லுப்பா. ராக்கெட்டுன்ற வார்த்தைய நான் கேக்கவே இல்ல."

பையைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டினார்கள். மதியத்துக்கு மேல் விசாரணைக் குழு கூடியது. இராமச்சந்திரன் நடுவில். மனிதவளப் பிரிவு அதிகாரி சுபஸ்ரீ லேப்டாப்போடு ஒரு பக்கம். சுவர்க் கடிகாரம் நகர நகர, பள்ளி வாசலில் லிசா நின்றுகொண்டிருப்பதுதான் ஜாக்சனுக்குக் கண்முன் வந்தது.

"இது ஆபத்தில்லன்னு நிரூபிங்க" என்றார் இராமச்சந்திரன்.

சீக்கிரம் விட்டால் போதும் என்று ஜாக்சன் பையைக் கவிழ்த்தான். இடது கையால் காலைத் திருகி, உறையை மாட்டி, இறக்கைகளைத் தள்ளி, பாட்டிலைக் கவிழ்த்து வைத்தான். ஒரு டீ ஆறுவதற்குள் மேசைமேல் ராக்கெட் நின்றது. அதே வேகத்தில் பிரித்துப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தான்.

சுபஸ்ரீ லேப்டாப்பை மூடினார். "சார், ஒரே கையால மாட்டறார். டூல்ஸே இல்ல. பேக்கிங் இவ்ளோ சின்னது. ஹெட் ஆபீஸ் புதுமைத் திருவிழாவுக்கு நம்மகிட்ட என்ட்ரியே இல்லன்னு தவிச்சிட்டிருந்தோமே."

இராமச்சந்திரன் எழுந்து வந்து ஜாக்சனின் தோளில் கை போட்டார். "இவர் நம்ம ஆளு" என்றார். தகவல் தெரிந்து ஓடிவந்த நாகப்பன், "அது எப்டி சார், என் ஆளு" என்றார். இரண்டு பேரும் மறுபடி வாதாடினார்கள்.

ஜாக்சன் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது பெஞ்சுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். லிசா அழவில்லை. "நீ செய்யலன்னு மிஸ்கிட்ட சொல்லிட்டேம்பா, பரவால்ல" என்றாள்.

"செஞ்சிட்டேன் கண்ணு. கம்பெனி விழாவுல பறக்க வுடப் போறாங்க. நீ மேடைக்குப் பக்கத்துலயே உக்காரலாம்."

இதைத்தான் சுபஸ்ரீயும் வாக்குக் கொடுத்திருந்தார். அதோடு, மேசை வேலை நிரந்தரமாகவும் வழி இருக்கிறது என்று ஜாடையாகச் சொல்லியிருந்தார்.

அதற்குப் பிறகு ராக்கெட் துறை துறையாகப் போனது. முதலில் தண்ணீர் நின்றது. தண்ணீர் மூச்சில் போனால் உயிராபத்து, தரையில் சிந்தினால் வழுக்கும் என்று பாதுகாப்புப் பிரிவு கண்டுபிடித்தது. அடுத்து காற்று. அழுத்தம் ஏற்றினால் அது கொதிகலன் வகையில் சேரும், சான்றிதழ் வேண்டும் என்றார்கள். கயிறு, கால் தட்டும் பொருள் என்று எடுக்கப்பட்டது. கடைசியில் இராமச்சந்திரனே ஒரு விதியைத் தேடி எடுத்துவந்தார்.

"ஆள் உயரத்துக்கு மேல எது போனாலும் உயரத்தில் வேலை. சேஃப்டி பெல்ட் மாட்டணும்."

"ராக்கெட்டுக்கா சார்?"

"விதியில ஆளுன்னு போடல ஜாக்சன். எதுன்னுதான் போட்டிருக்கு."

ராக்கெட்டுக்குப் பெல்ட் மாட்டி, பெல்ட்டை மேடையோடு கொக்கி போட்டு, மேடையைத் தரையோடு போல்ட் அடித்தார்கள். இறக்கைகளின் ஓரம் கூர்மை என்று ரப்பர் சுற்றினார்கள். சாப்பாட்டுப் பை கம்பெனியின் மதிப்புக்குப் பொருந்தவில்லை என்பதால் பர்ச்சேஸ் பிரிவு தேக்குப் பலகையில் ஒரு பெட்டி வரவழைத்தது. அந்தப் பெட்டியை நான்கு பேர் சேர்ந்தும் தூக்க முடியவில்லை. ஃபோர்க்லிஃப்ட் வந்தது. ஃபோர்க்லிஃப்ட்டுக்கு முன்னால் ஒருவர் கொடி பிடித்து நடந்தார். பெட்டிமேல் பெரிய எழுத்தில், எங்கும் எளிதாக எடுத்துச் செல்லலாம் என்று எழுதியிருந்தது.

விழாவுக்கு முந்தின நாள் சுபஸ்ரீ அவனை அறைக்குக் கூப்பிட்டு ஒரு கையுறையைக் கொடுத்தார். வலது கைக்கு உரியது. விரல்களுக்குள் பஞ்சு அடைத்துத் தைத்திருந்தது.

"கேமரா க்ளோசா வரும் ஜாக்சன். அதுக்குத்தான்."

அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. ஒரே கையால மாட்டறதுதான இதுல விசேஷம்?"

"ஆமா. ரெண்டு கை இருந்தும் நீங்க ஒரு கையால மாட்டறீங்க. அதான் புதுமை." அவர் பொறுமையாக விளக்கினார். "ஒரு கைதான் இருக்குன்னு ஒரு கையால மாட்டினா, அது மெடிக்கல். அதுக்குப் போட்டியில பிரிவு கிடையாது."

அவர் சொன்னதில் எங்கே பிழை என்று ஜாக்சனுக்கு எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. கையுறையைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

விழாப் பந்தலில் முன் வரிசையில் ஷாலினும் லிசாவும் உட்கார்ந்திருந்தார்கள். லிசா கிறிஸ்துமஸ் கவுன் போட்டிருந்தாள். ஜாக்சன் மேடையில் இடது கையால் ராக்கெட்டை மாட்டினான். கைதட்டினார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த பெரியவர் ஒரு பொத்தானை அழுத்தினார். பின்னாலிருந்த பெரிய திரையில் நெருப்பைக் கக்கிக்கொண்டு ஒரு ராக்கெட் மேகத்தைக் கிழித்துப் போனது. அதன் வயிற்றில் கம்பெனியின் பெயர் எழுதியிருந்தது. மேடையில் பாட்டில் பெல்ட்டோடு அப்படியே நின்றது. எல்லாரும் திரையைப் பார்த்துக் கைதட்டினார்கள். லிசா மட்டும் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியவர் ஜாக்சனிடம் வந்து வலது கையைப் பற்றிக் குலுக்கினார். பற்றியதும் கையுறைக்குள் பஞ்சு அமுங்கியது. அவர் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. விரல்களைத் தளர்த்தி, மறுபடி இறுக்கி, மறுபடி தளர்த்தினார். ஒருகணம் ஜாக்சனின் கண்களைப் பார்த்தார். கேட்கப் போகிறார் என்றே ஜாக்சன் நினைத்தான். கேட்டால் சொல்லிவிடுவது என்று வாயைக்கூடத் திறந்தான்.

பெரியவர் மைக்கின் பக்கம் திரும்பினார். "இந்தக் கைகளில்தான் நம் நிறுவனத்தின் எதிர்காலம் இருக்கிறது" என்றார். பஞ்சை விடாமல் பிடித்துக்கொண்டே போட்டோவுக்கு நின்றார். பிறகு இறங்கும்போது இராமச்சந்திரனிடம் தணிந்த குரலில், "யாரோட ஆளு?" என்று கேட்டார்.

"காண்ட்ராக்டர் ஆளு சார்."

பெரியவர் நிம்மதியாகத் தலையாட்டினார்.

வீட்டுக்குப் போகும் வழியில் தண்டலம் சிக்னலில் நிற்கும்போது லிசா கேட்டாள்.

"அப்பா, அத ஏம்ப்பா கட்டி வச்சிருந்தாங்க?"

"பறந்துடப் போகுதுன்னு பயம் கண்ணு."

ராக்கெட்டைக் கம்பெனி வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். பக்கத்தில் ஆள் உயரப் படம், பெரியவரும் ஜாக்சனும். படத்தில் கையுறை இல்லை. "க்ளோவ் நேச்சுரலா வரல. டிசைன் டீம்ல சரி பண்ணிட்டாங்க" என்றார் சுபஸ்ரீ. ஜாக்சனின் வலது கையில் ஐந்து விரல்களும் இருந்தன. நீளமான, சிவந்த விரல்கள். நகங்கள் அழகாக வெட்டியிருந்தன. அவன் செல்போனில் பிடித்து வந்த படத்தை ஷாலின் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தாள்.

"இது யாரு வெரலுடா? உனுக்கு நடுவெரல்ல தழும்பு கீதே. கல்யாணத்தன்னிக்கு கேட்டுல நசுக்கிக்கினியே."

"அது இருந்துச்சு" என்றான் ஜாக்சன்.

அவள் செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தொடைக்கு அடியில் இருந்த அவன் கையை இழுத்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

மேசை வேலை நிரந்தரமாகவில்லை. பறிபோகவும் இல்லை. வேறொரு பாட்டிலில் இன்னொரு ராக்கெட் செய்து, ஒரு ஞாயிறு சாயங்காலம் மூவரும் ஏரிக்குப் போனார்கள். கயிற்றை லிசாதான் இழுத்தாள். தண்ணீர் அவள் மேலெல்லாம் தெறிக்க அது பனைமரத்துக்கு மேலே போய், ஒருகணம் நின்று, வெயிலில் மினுங்கித் திரும்பியது. லிசா கத்திக்கொண்டே அதன் பின்னால் ஓடினாள். ஷாலின் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ராக்கெட் தண்ணீர்தான் என்று நினைத்த ஜாக்சன், கிட்டே போனபிறகு இல்லை என்று கண்டான்.

அடுத்த வாரம் பயிற்சி அறை வாசலில் இன்னொரு நாற்காலி போட்டார்கள். அதில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். செய்யாறு பக்கம், பெயர் காவேரி. ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறவள். அவளுக்கு இடது கை. அதே மெஷின். அதுவும் கற்றல் நிகழ்வுதான்.

இரண்டாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் தயங்கித் தயங்கி அவன் வலது கையை எட்டிப் பார்த்தாள். ஜாக்சன் அதை மேசைமேல் எடுத்து வைத்தான். அவள் முகம் குழம்பியது.

"அண்ணா, வெளிய போட்டோவுல உங்களுக்கு அஞ்சு வெரலும் கீதே."

"அது கம்ப்யூட்டர்ல போட்டதும்மா."

"கம்ப்யூட்டர்லன்னா?"

"படத்துல மட்டும். நெசத்துல இல்ல."

காவேரி கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வரவேற்பறைப் பக்கம் பார்த்தாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"நான் உங்களுக்கு ஆபரேஷன் பண்ணி வெரலு வச்சாங்கன்னு நெனச்சிட்டேண்ணா. அந்தப் போட்டோவ எங்கம்மாவுக்கு அனுப்பிட்டேன். எனக்கும் கம்பெனியில வச்சுக் குடுப்பாங்கன்னு சொல்லிட்டேன். ரொம்ப நாளு கழிச்சு நேத்துதான் அம்மா சோறு துன்னுச்சாம்."

ஜாக்சன் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினான்.

"இப்ப அம்மாகிட்ட இன்னாண்ணா சொல்றது?"

பயிற்சிக்கு வந்த புதுப் பிள்ளைகள் வரிசையில் நின்றிருந்தார்கள். சிலர் அந்தப் பெரிய படத்தின் முன்னால் நின்று செல்போனில் தங்களையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜாக்சன் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து, வலது கையை நன்றாகத் தெரியும்படி முன்னால் நீட்டிக்கொண்டு அவர்களிடம் போனான்.